தரைக்கடியில் வந்த காற்று

குழாயக்காவுக்கு அந்தப் பெயர் குப்பை மேட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்ததல்ல. அவளுடைய அப்பா வீடு வீடாகப் போய்க் குழாய் மாட்டுகிறவர். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை யார் முடிப்பது என்று வீடே விழித்துக்கொண்டிருந்தபோது, இவள் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கதவைத் திறந்தவர்களெல்லாம், "பொம்பளப் புள்ளைய அனுப்பியிருக்காங்களே" என்று இழுத்தார்கள். ஒழுகல் நின்றதும் அந்த இழுப்பும் நின்றது. பிறகு அவர்களே அடுத்த வீட்டுக்காரரிடம், "குழாயக்காவக் கூப்பிடுங்க, கை சுத்தம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தன்னைவிட மூத்தவர்களும் அக்கா என்று கூப்பிடுவதை முதலில் வேடிக்கையாக நினைத்தாள். பிறகு பழகிவிட்டது.

அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். மிச்சம் இருந்தது தங்கச்சி ஒருத்திதான். வயதில் ரொம்பச் சின்னவள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினால் போய் நின்றதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் குழாயக்காதான். குழாயக்காவையும் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளங்கை இப்படிக் காய்ச்சுப் போயிருக்கே" என்றாள். "அதான் ரேகை எதுவும் தெரியல, ஜோசியக்காரருக்குச் செலவு மிச்சம்" என்று இவள் சொல்லிவிட்டாள். அவர்கள் டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. கல்யாணப் பேச்சு இப்படியே தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் யாரும் எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

தங்கச்சியின் கல்யாணத்தை அவளே நின்று நடத்தினாள். மாப்பிள்ளை இருசக்கர வண்டி மெக்கானிக். நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். பேச ஆரம்பித்தால் வண்டிக்காரர் தன் வண்டியையே மறந்துவிடுவார்.

ஊர்க் குப்பையெல்லாம் வந்து விழும் மேடு நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொட்டி அது மலையாகிவிட்டது. அந்தப் பக்கம் பஸ் போனால் சன்னல் எல்லாம் தானாகச் சாத்திக்கொள்ளும். ஒரு வழியாக அதை மூடினார்கள். மேலே களிமண்ணைப் போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, அதன் மேல் மண் நிரப்பிப் புல் நட்டார்கள். குப்பை உள்ளே அழுகிக்கொண்டே இருக்கும், அழுகினால் வாயு வரும், அதை உறிஞ்சி எடுத்து எரிக்க வேண்டும் என்பதற்காக மேட்டில் ஆங்காங்கே ஆழமாகத் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். அந்தத் துளைகளுக்குக் கிணறு என்று பேர். எல்லாக் கிணறுகளையும் ஒரே பெரிய குழாயில் சேர்த்து, ப்ளோவர் என்கிற உறிஞ்சும் இயந்திரத்தின் வழியாக ஒரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் உச்சியில் எரியவிட்டார்கள். அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது குழாயக்கா போய்ச் சேர்ந்தாள்.

வீட்டுக் குழாய் மாதிரி இல்லை அது. குப்பை அழுக அழுக மேடு அமுங்கும். மேடு அமுங்கினால் குழாய் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி வாயுவை அடைத்துக்கொள்ளும். இன்றைக்கு நேராக்கிய குழாய் அடுத்த மாதம் கோணிக்கொண்டு நிற்கும். காலையில் கையில் வாயு அளக்கும் மீட்டரோடு மேட்டைச் சுற்றி வருவாள். சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு இறங்குவாள். "செத்துப்போன குப்பைன்னு நெனச்சேன், அது நம்மள விட உசுரா இருக்கு" என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மூடிய மறு வருஷமே நாற்றம் போய்விட்டது. நாற்றம் போனதும் ஜனம் வந்துவிட்டது. மேட்டடியில் ஒரு தெரு முளைத்தது. அதில் ஒரு மனையைத் தங்கச்சியும் மாப்பிள்ளையும் வாங்கி வீடு கட்டினார்கள். முன்பக்கம் தகரக் கூரை போட்டு மெக்கானிக் கடை. ஆட்டோ வந்தால் அடியில் நின்று வேலை பார்க்க மாப்பிள்ளை ஒரு குழி வேறு வெட்டிக்கொண்டான். "அக்கா வேலை செய்யுற இடத்துக்குப் பக்கத்துலயே வந்துட்டோம், இனிமே மத்தியானச் சாப்பாடு இங்கதான்" என்றாள் தங்கச்சி. குழாயக்காவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

மேட்டுக்குப் பொறுப்பான இன்ஜினியர் வேறு ஊர்க்காரர், இளவயசு. ஒற்றை அறையில் தங்கி, கடையில் சாப்பிட்டு, மிச்ச நேரமெல்லாம் மேட்டிலேயே கிடப்பார். அந்தக் கோபுரத்து நெருப்பின் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். முதல் வாரத்திலேயே குழாயக்காவை உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். "இந்த வாயுவுல பாதிக்கு மேல மீத்தேன்க்கா. எரிச்சுட்டா கரியமில வாயுவா மாறிடும். அதுவும் கெட்டதுதான். ஆனா எரிக்காம அப்படியே விட்டோம்னா, பூமியச் சூடாக்குறதுல அது இதவிடப் பல மடங்கு மோசம். ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் விடுற புகையப் பத்திப் பேசுறாங்க. இந்த ஒரு மேடு சத்தமில்லாம விடுறத யாரும் பேசுறதில்ல." அதிலிருந்து வெயில் ஏறும்போதெல்லாம் குழாயக்காவுக்குக் கோபுரத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்க்கத் தோன்றும்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ப்ளோவர் படுத்துவிட்டது. உள்ளே தண்டு முறிந்திருந்தது. இன்ஜினியர் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். புதுசு வருகிறது என்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் வருகிறது என்றார்கள். அடுத்த முறை கேட்டபோது, "சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்றார்கள். கோபுரத்தில் நெருப்பு இல்லை. கிணறுகளின் வால்வை மூடிவைக்கச் சொல்லியிருந்தார்கள். எரிக்காமல் வெளியே விட்டால், மேட்டைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி எடுத்திருந்த ஒப்பந்தத்துக்கே ஆபத்து என்பது அவர்கள் கவலை.

வாயுவுக்கு ஒப்பந்தம் தெரியுமா. மேலே களிமண், அதற்கு மேல் மழையில் ஊறிப்போன மண். நேராக மேலே வர வழியில்லை. எங்கே இளக்கமோ அங்கே போகும். வேலி ஓரத்தில் சோதனைக்காகப் போட்டிருந்த துளைகளில் மீட்டர் முன்பு சும்மா இருக்கும். இப்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறிக்கொண்டே வந்தது. இன்ஜினியரும் அவளும் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "வீடுகளுக்கு இன்னும் தூரம் இருக்குக்கா" என்பார் அவர். "இருக்கு சார்" என்பாள் இவள். இரண்டு பேரும் நம்ப விரும்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை அந்த விஷயத்தைச் சொன்னான். அதுவும் ஒரு தமாஷாக.

"அண்ணி, நேத்து கடையில ஒரு கூத்து. குழிக்குப் பக்கத்துல உக்காந்து பீடி பத்தவெச்சேன். தரையில ஒரு வெடிப்பு இருக்குல்ல, அது மேல நீலமா ஒரு கோடு ஓடுச்சு பாருங்க, பாம்பு மாதிரி. ஊதினேன், அணைஞ்சுடுச்சு. இனிமே கேஸ் சிலிண்டரே வேணாம்டின்னு இவகிட்டச் சொன்னேன். தோசைக்கல்லத் தரையிலேயே வெச்சுக்கலாம்."

தங்கச்சி சிரித்தாள். அவர்கள் மகளும் சிரித்தாள். குழாயக்கா பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தாள்.

"இன்னிக்கு எதையாவது பத்தவெச்சீங்களா மாப்பிள்ளை?"

"இல்லையே. ஏன்?"

"அடுப்ப நிறுத்தியாச்சா?"

"எப்பவோ நிறுத்தியாச்சுக்கா. என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் தங்கச்சி.

குழாயக்கா கையைக்கூடக் கழுவாமல் மேட்டுக்குப் போய் மீட்டரை எடுத்துவந்தாள். கடைத் தரையின் வெடிப்பில் வைத்ததும் அது கத்த ஆரம்பித்தது. குழிக்குள் இறக்கினால் இன்னும் மோசம். சமையலறையில் தொட்டிக்கு அடியில் கழிவுக் குழாய் போகிற ஓட்டையிலும் கத்தியது. மூக்கை வைத்துப் பார்த்தாள். ஒரு வாசமும் இல்லை. நாற்றத்தையெல்லாம் மண் வடிகட்டிவிட்டு, வெடிக்கிறதை மட்டும் அனுப்பிவைத்திருந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க. சுவிட்சத் தொடாதீங்க. ஃபேன் ஓடினா ஓடட்டும்" என்றாள். வெளியே வந்து சுவரில் இருந்த பெட்டியில் மெயினை இறக்கினாள்.

மாப்பிள்ளைக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. "காத்துக்குப் பயந்து வீட்ட விட்டுப் போறதா? நாளைக்கு நாலு வண்டி டெலிவரி இருக்கு அண்ணி."

"வண்டிக்காரங்ககிட்ட நான் பேசுறேன். நீங்க கிளம்புங்க."

"நீங்க பேசி யாரு கேப்பா? நீங்க பேசினா வண்டிக்குத் தண்ணிக் குழாய் மாட்டிடுவீங்கன்னு பயப்படுவாங்க."

இந்த நேரத்திலும் இப்படிப் பேசுகிற மனுஷனை என்ன செய்வது. தங்கச்சிதான் மகளையும் கொஞ்சம் துணிமணியையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான். மூவரும் குழாயக்காவின் வாடகை வீட்டுக்குப் போனார்கள்.

அவள் இன்ஜினியரைக் கூப்பிட்டுவிட்டுத் தெருவில் வீடு வீடாகத் தட்டினாள். கோடி வீட்டு டீச்சரம்மா மீட்டரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சரியா வேலை செய்யுதுன்னு யாரு சர்டிபிகேட் குடுத்தா?" என்று கேட்டாள். அதற்குள் அந்த அம்மாவின் குளியலறையிலேயே அது கத்தியது. வேறு பேச்சில்லாமல் உள்ளே போய்த் தன் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். சில வீடுகளில் மீட்டர் சும்மா இருந்தது. அவர்களையும் அனுப்பினாள். தெருக்காரர்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள்.

இன்ஜினியர் வந்ததும் இருவரும் மேட்டில் ஏறினார்கள். உள்ளே திரண்டிருக்கும் வாயுவுக்கு மேல்நோக்கி வழி விட்டால்தான் பக்கவாட்டில் போவது குறையும். வீடுகளைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் கிணறுகளைத் திறந்துவிட வேண்டும். அவர் தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். மறுமுனையில் பேசியது குழாயக்காவுக்கே கேட்டது. "ஜனங்கதான் காலி பண்ணிட்டாங்களே, அப்புறம் என்ன அவசரம்? ப்ளோவர் வர்ற வரைக்கும் எதையும் திறக்காதீங்க."

அவர் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தார்.

"சார், கீழ இருக்குறது என் தங்கச்சி வீடு. அதனால நான் சொல்றது நியாயமா இல்லையான்னு எனக்கே தெரியல. நீங்க சொல்லுங்க" என்றாள் குழாயக்கா.

"உங்க தங்கச்சி வீடு இல்லாட்டியும் இதத்தான் செய்யணும். ஆனா மனசு வரலக்கா. எத்தனை வருஷம் சொட்டுச் சொட்டாப் புடிச்சு எரிச்சோம். அத்தனையும் ஒரு மாசத்துல ஆகாசத்துக்குப் போயிடும்."

"வேற வழி இருக்கா?"

"இல்ல."

முதல் வால்வை அவரே திறந்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாய் வாய்க்கு மேலாகப் பார்த்தால் மட்டும் எதிர்ப்பக்கத்து வேலி கானலில் தெரிவது போல லேசாக நெளிந்தது. அடுத்தடுத்ததை அவள் திறந்துகொண்டே போனாள். அந்தச் சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து, மேடே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நல்ல காரியம் செய்கிறோமா கெட்ட காரியம் செய்கிறோமா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு தெருவைக் காப்பாற்ற எல்லார் தலையிலும் கொஞ்சம் வெயிலைக் கூட்டுகிறோம் என்று மட்டும் தோன்றியது.

சில நாட்களில் வீடுகளில் மீட்டர் இறங்க ஆரம்பித்தது. அவள் தினமும் வெளியே நின்று கதவிடுக்கிலும் சன்னலிலும் வைத்துப் பார்ப்பாள். கடையின் ஷட்டரைத் திறக்கவே இல்லை. அதை மேலே தூக்கினால் இரும்பு உரசும், பொறி வரும். உள்ளே எவ்வளவு வாயு தேங்கியிருக்கிறது என்று தெரியாமலே இருந்தது.

அவளுடைய வாடகை வீட்டில் நாலு பேருக்கு இடம் பற்றவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை இல்லாமல் கை அரித்தது. அவளுடைய சமையலறை அலமாரியைக் கழற்றி மறுபடி மாட்டினான். நன்றாக இருந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டான். ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டான்.

"எப்படி அண்ணி இருக்கு இப்ப?"

"குறைஞ்சுட்டு வருது மாப்பிள்ளை" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். இன்னும் போகக்கூடாது என்று சேர்த்துச் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

அவன் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, காற்றடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் எடுத்து வந்துவிடலாம், வேறு எங்காவது மரத்தடியில் கடை போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிப் போனான். தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனான். ஷட்டர் பாதி வரை தூக்கினான், ஒன்றும் ஆகவில்லை. குனிந்து உள்ளே போய்க் கம்ப்ரஸரை நகர்த்திப் பார்த்தான். இத்தனை நாள் மழை ஈரத்தில் கிடந்தது ஓடுகிறதா என்று பார்க்காமல் தூக்கிச் சுமப்பானேன் என்று நினைத்தானாம். வெளியே வந்து மெயினை ஏற்றினான். மறுபடி உள்ளே குனிந்து சுவிட்சைப் போட்டான்.

குழாயக்கா மேட்டின் மறுபக்கத்தில் தொய்ந்த குழாய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலடியில் மண் ஒருதரம் அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. ஓடிவந்து பார்த்தபோது தகரக் கூரை தெருவின் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றது. அவன் தெரு நடுவில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, யாரோ அவற்றை வாங்கிக்கொள்ள வருவார்கள் என்பது போல. புருவம் இல்லை. "குறைஞ்சுடுச்சுன்னீங்களே அண்ணி" என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் தங்கச்சி அவளை வார்டுக்குள் விடவில்லை. கதவுக்கு வெளியே நிறுத்திக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"தெருவுல அத்தன பேருக்கும் வாய் வலிக்கச் சொன்ன. எங்க வீட்டு மனுஷனுக்குச் சொல்ல உனக்கு ரெண்டு வார்த்தை கூடுதலா வரல."

சண்டை போட்டிருந்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். குழாயக்கா கொண்டுபோயிருந்த பழங்களை வராந்தா பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள்.

வெடித்த மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், அந்த வாரமே புது ப்ளோவரும் வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. விசாரணையில் வால்வுகளை அனுமதியில்லாமல் திறந்தது யார் என்றுதான் முதலில் கேட்டார்கள். "நான்தான் திறக்கச் சொன்னேன்" என்றார் இன்ஜினியர். "நானும்தான் திறந்தேன்" என்றாள் குழாயக்கா. அவள் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்முன் அவர் மேட்டில் ஒரு சுற்று வந்தார். திறந்திருந்த நாட்களில் எவ்வளவு போயிருக்கும் என்று அவள் கேட்டாள். "கணக்குப் போட்டுப் பாத்தேன்க்கா. சொல்லவா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம் சார்" என்றாள்.

வாயு தெருப்பக்கம் வராமல் நடுவிலேயே மேலேறிப் போகட்டும் என்று மேட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஆழமாக அகழி வெட்டிச் சரளைக்கல் போட்டு நிரப்பினார்கள். ஆனாலும் மேட்டை ஒட்டிய வீடுகளை இடித்துவிட்டார்கள். தங்கச்சி வீடும் அதில் ஒன்று. இடிக்கும்போது குழாயக்கா மேட்டில்தான் இருந்தாள். சமையலறைச் சுவரில் அவளே மாட்டிக்கொடுத்த குழாய், சுவர் விழுந்த பிறகும் வளைந்து நின்றது. இயந்திரக்காரர் இன்னொரு தட்டுத் தட்டினார்.

தங்கச்சி குடும்பம் பஸ்ஸில் பாதிப் பொழுது போகும் தூரத்தில் வேறு நகரத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் இடது கை ஓரளவு பழையபடி வந்துவிட்டது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. உதிரிபாகக் கடை ஒன்றில் கல்லாவில் உட்காருகிறான். சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறானாம். வாடிக்கையாளர்கள் பாகம் வாங்க வந்து அவனோடு பேசிக்கொண்டு நிற்கிறார்களாம். இதெல்லாம் அவன் மகள் பெரியம்மாவிடம் ஃபோனில் சொல்லித்தான் தெரியும். தங்கச்சி ஃபோனை வாங்கமாட்டாள். பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

குழாயக்கா வேலையை விடவில்லை. விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். விட்டால் வேறு யாரோ வருவார்கள், தொய்ந்த குழாயைப் பார்த்தும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போவார்கள் என்ற பயம் அவளைப் போகவிடவில்லை. முன்பெல்லாம் மேட்டில் அரட்டை அடிப்பாள். இப்போது கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரே விஷயத்தை இரண்டு தரம், மூன்று தரம் சொல்கிறாள். "அக்கா, காது கேக்குது" என்று அவர்கள் சலித்துக்கொண்டாலும் விடுவதில்லை.

போன வாரம் ஃபோன் அடித்தது. தங்கச்சி மகள்தான் என்று நினைத்து, "சொல்லுடி குட்டி" என்றாள்.

"நான்தான்" என்றாள் தங்கச்சி. பின்னால் பாத்திரச் சத்தம் இல்லை. பிறகு அவளே சொன்னாள். "அவருக்குக் கையக் காட்டணும், அங்க பெரிய ஆஸ்பத்திரியில. ரெண்டு நாள் தங்குற மாதிரி இருக்கும். லாட்ஜுல தங்கிக்கலாம்னு சொன்னேன். அவருதான், அண்ணி வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்குங்கறாரு."

"வாங்க" என்றாள் குழாயக்கா. பிறகு, இவ்வளவு போதாது என்று தோன்றி, "பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர்றேன். வெளிய நிக்காதீங்க, உள்ள பெஞ்சு இருக்கு, அங்க உக்காருங்க. சாப்பிட்டுட்டு வராதீங்க, நான் செஞ்சு வெச்சிருப்பேன்" என்றாள்.

"சரி" என்றாள் தங்கச்சி.

ஃபோனை வைத்துவிட்டு அவள் மூலையில் கிடந்த போர்வைகளை எடுத்து வாளியில் நனைத்தாள். வெயில் அப்படிக் கொளுத்தியது. காய்வதற்கு வெகுநேரம் ஆகாது.